கல்லில் நின்ற ஊர்ப்பெயர்

பெங்களூரின் தென்கிழக்கே, ஓசூர்ச் சாலையில் உள்ளது பொம்மனஹள்ளி. ஆடைத் தொழிற்சாலைகளாலும் ஓயாத போக்குவரத்தாலும் அறியப்படும் இவ்வூருக்கு வடக்கே மடிவாளமும் தென்மேற்கே பேகூரும் சில கல் தொலைவிலேயே அமைந்துள்ளன. மாநகரின் பெயர் வரலாற்றை ஆராய்வோர் இவ்விரண்டு ஊர்க் கோயில்களுக்கும் செல்லாமல் இருத்தல் இயலாது.

ஹொய்சள மன்னன் வீரவல்லாளன் காட்டில் வழிதவறி, கிழவி ஒருத்தி தந்த வெந்த அவரையை உண்டு பசியாறினான் என்றும், அதனால் 'பெந்தகாளூரு' என்னும் பெயர் பிறந்தது என்றும் வழங்கும் கதையை அறியாதார் இலர். கதை இனிமையானதே. ஆயினும் பேகூர் நாகேசுவரர் கோயிலிலுள்ள கன்னடக் கல்வெட்டு, ஏறத்தாழ கி.பி. 890-ஆம் ஆண்டிலேயே, 'பெங்களூரு'ப் போர் ஒன்றைக் குறிப்பிடுகின்றது. வல்லாளனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு முற்பட்ட சான்று இது! மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டோ, 'வெங்களூர்'ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைப் பற்றிப் பேசுகின்றது. சோழர் ஆட்சி இப்பகுதியை விட்டு நீங்கி நூறாண்டுக்கு மேலாகியும், நிலக்கொடையைத் தமிழில் வெட்டுவித்தனர் என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

இருமொழியையும் தாங்கி நிற்பது இம்மண்ணின் கருங்கல்லே. புவியியலார் இதனைத் 'தீபகற்ப நைஸ்' என்பர். 1916-இல் ஸ்மீத் என்னும் அறிஞர் வழங்கிய பெயர் அது. லால்பாக் தோட்டத்துப் பாறை இவ்வினத்ததே. அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. பேளூரிலும் ஹளேபீடிலும் ஹொய்சளச் சிற்பிகள் கையாண்ட மாக்கல், வெட்டியெடுத்த பொழுதில் மென்மையாக இருந்து பின்னர் இறுகுவது; ஆதலின் நகையின் நுண்மையைக்கூட அதில் செதுக்கினர். கருங்கல்லோ உளியை எளிதில் ஏற்பதன்று. குழிகளை வரிசையாக இட்டு, ஆப்பு இறுக்கிச் சம்மட்டியால் அடித்தே அதனைப் பாளமாகப் பிளக்க வேண்டும். அதில் பெரிய அலங்காரத்தை எதிர்பார்க்கலாகாது. எனினும் வெட்டிய எழுத்து மழைக்கும் வெயிலுக்கும் எளிதில் அழிவதில்லை.

அழிவு மனிதர் கையால் வருகின்றது. திருப்பணி என்ற பெயரில் அடுக்கடுக்காகப் பூசும் சுண்ணாம்பும் வண்ணமும் எழுத்தை மறைக்கின்றன. அவற்றை நீக்க மணலை விசையோடு வீசினால் எழுத்தின் விளிம்பே தேய்ந்துவிடுகின்றது. வயலிலும் ஏரிக்கரையிலும் நின்ற கற்கள் கடைக்காலுக்கும் சாலைக்கும் போய்ச் சேர்வதும் உண்டு. பெங்களூர் மிதிக் சொசைட்டியார் இக்காலத்தில் இப்பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஒளிவருடல் முறையில் பதிவு செய்து வருகின்றனர். போற்றத்தக்க பணி, ஆயின், எந்த ஏரி, எந்த நிலம் என்பதைக் கல் தன் இடத்தில் நின்றால்தான் கண்டுகொள்ள இயலும்.