தேயிலைச் சாயமும் வெள்ளைக் கிற்றாரும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் வீதி பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை நோக்கிச் செல்கிறது. மற்றையது கொஸ்லந்தை ஊடாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இருமருங்கும் தேயிலை. அத்தேயிலைக்குக் கோப்பைக்கு வெளியேயும் ஒரு விசித்திரமான பயன் உண்டு என்பதை வாசகர்களிற் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். மின்கிற்றார் வாசிப்போர் சிலர், புத்தம்புதிய வாத்தியத்தின் வெள்ளைப் பிளாஸ்டிக் பாகங்களைக் கடுஞ்சாயத்தில் ஊறவைத்து, ஐம்பதாண்டுப் பழமையை ஓரிரவில் வரவழைக்கின்றனர். கோப்பியையும் பயன்படுத்துவதுண்டு.

இதில் ஒரு வரலாற்றுப் பொருத்தம் இருக்கிறது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலைத் தோட்டங்களாயின. 1890 இல் தோமஸ் லிப்டன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னைத் தொழிற்சாலை அவருடையது. இடையில், 1870 இல், அமெரிக்காவில் ஹயட் சகோதரர்கள் செலுலோயிட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். யானைத் தந்தத்திலான பில்லியட் பந்துகளுக்கு மாற்றுத் தேடியதன் விளைவு அது. ஆக, பிறப்பிலேயே அது தந்தத்தின் போலி.

ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954 இல் வெளிவந்தது. 1959 முதல் சில ஆண்டுகள் அதன் முகத்தகட்டைச் செலுலோயிட்டில் செய்தனர். வெள்ளையாக விற்கப்பட்ட அத்தகடு காலப்போக்கில் இளம்பச்சை கலந்த மஞ்சளானது. பின்னாளில் பரவிய ஏபிஎஸ் பிளாஸ்டிக்கிலோ, அதிலுள்ள பியூட்டடையீன் என்னும் இரப்பர்ப்பகுதி வெயிலின் புறஊதாக் கதிராலும் ஒட்சிசனாலும் சிதைந்து மஞ்சளாகிறது. உண்மையில் இது ஒரு குறைபாடு. ஆயினும் பழைய வாத்தியங்களின் விலை ஏற ஏறக் குறைபாடே அழகாயிற்று. 1995 இல் ஃபெண்டரே தேய்ந்தது போன்ற புதுக் கிற்றார்களை விற்பனைக்கு விட்டது. புதுச்சட்டையைக் கிழித்து அணிவதற்கு ஒப்பானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வாங்குவோர் இருந்தனர், இருக்கின்றனர்.

வீட்டில் செய்யும் முறை எளிது. குமிழ்களையும் உறைகளையும் கழற்றிச் சவர்க்காரத்தால் எண்ணெய்ப்பசை நீக்கவேண்டும். மிக நுண்ணிய உருக்குக் கம்பளியால் பளபளப்பை அகற்றவேண்டும். வழவழப்பான ஏபிஎஸ்ஸில் சாயம் ஒட்டாது. பிறகு கடுஞ்சாயத்தை ஆறவிட்டு, இளஞ்சூட்டில் ஊறவைத்து, அடிக்கடி எடுத்துப் பார்க்கவேண்டும். கொதிநீரில் இட்டால் பாகம் நெளிந்துவிடும். காந்தச்சுருளையும் கம்பிகளையும் நனைக்கவே கூடாது. கொழுந்து நொதிக்கும்போது உண்டாகும் தியாரூபிஜின் முதலிய பொருட்களே அந்தக் கபில நிறத்தைத் தருகின்றன. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்களிலும் கறை ஏறும். அதற்கு ஊறவைக்கும் வேலை வேண்டியதில்லை.

பழமையின் மதிப்பை நான் அறிந்தது வேறொரு வழியில். மலையகச் செய்திகளை எழுதிய காலத்தில், லயங்களில் தகரப்பெட்டியின் அடியிலிருந்து பழுப்பேறிய கடதாசிகளை எடுத்துக் காட்டிய முதியோரைக் கண்டிருக்கிறேன். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பத்தாண்டுகள் கழித்தே முடிவு கண்டனர். 2003 இல் வந்த சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வதிந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. பழைய பிறப்புச் சான்றிதழொன்று அக்குடும்பங்களுக்கு எத்துணை பெறுமதியானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, தன் கிற்றாரைத் தானே பழுப்பாக்கி மகிழ்பவரோடு எனக்கு வழக்கில்லை. அதையே 1960களின் பொருளென்று விற்பது மோசடி. வாங்குவோர் பாகத்தைக் கழற்றிப் பார்க்கலாம். வெயில்பட்டு மஞ்சளானதில் திருகாணித் தலையின் கீழும் பின்புறத்திலும் நிறம் வெளுத்திருக்கும். தேநீரில் மூழ்கியதில் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறம். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் சற்றுக் கழன்று வருவதும் உண்டு.

இன்னுமொன்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, வரண்ட காற்று வீசும் பருவத்தில் ஊவாவில் பறிக்கப்படும் கொழுந்தின் மணம் தனியானது. அதை இதற்கென்று கொதிக்கவைக்க வேண்டாம். கடையில் கிடைக்கும் மலிவான டஸ்ட் தூளே தாராளம்.