ஏ போட்டிக்குக் கண்ணாடி பூட்டின கதை

எங்கட நண்பன் ஒருவனின் சித்தப்பா கொக்கிளாயில் ஒரு பழைய கார் வைத்திருக்கிறார். ஒஸ்ரின் ஏ 40 சோமர்செற். யாழ்ப்பாணத்து ஆக்கள் ‘ஏ போட்டி’ எண்டு சொல்லுற அதே கார்தான். நாங்கள் நாலு பேர் அதில் ஏறி முல்லைத்தீவுக்குப் போன ஒரு நாளில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

நாயாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரம். றோட்டில் மாடு ஒன்று நின்றது. சித்தப்பா மெதுவாக வலப்பக்கம் எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று கதவை உரசுகிற மாதிரிக் கடந்து போனது. அதில் இரண்டு பெடியள். ஒரு சாண் தள்ளியிருந்தால் கதை வேறு.

“எங்கயிருந்தடா வந்தவங்கள்?” எண்டு சித்தப்பா கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. அந்தக் காரில் சைட் கண்ணாடியே கிடையாது. உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. பின் ஆசனத்தில் மூன்று பேர் இருந்தால் அதில் எங்கட தலைகள் மட்டும்தான் தெரியும்.

“கண்ணாடி பூட்டுவம் சித்தப்பா” எண்டம். “ஓட்டை போட்டால் ஒறிஜினல் கெட்டுப்போம்” எண்டார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் தேடிப் படித்தோம்.

கண்ணாடி வந்த வழி

காருக்குக் கண்ணாடி வேணும் எண்ட யோசனையை எழுத்தில் வைத்த முன்னோடிகளில் ஒருவர் ஒரு பெண். இங்கிலாந்தின் டொறதி லெவிற், கார்ப் பந்தய வீராங்கனை. 1909இல் பெண் சாரதிகளுக்காக அவர் எழுதிய புத்தகத்தில், ஒரு கைக்கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இடைக்கிடை தூக்கிப் பிடித்துப் பின்னால் என்ன வருகிறது எண்டு பாருங்கள் என ஆலோசனை சொன்னார்.

இரண்டு வருசம் கழித்து, 1911இல், அமெரிக்காவில் முதலாவது இண்டியானாபொலிஸ் 500 பந்தயம் நடந்தது. மற்றக் கார்களில் சாரதிக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். பின்னால் வருபவர்களைப் பார்த்துச் சொல்வதும் அவருடைய வேலை. றே ஹறூன் மட்டும் தனி ஆளாக ஓடினார். ஆளுக்குப் பதிலாகக் காரின் முன்பக்கம் ஒரு கண்ணாடியைப் பூட்டினார், பந்தயத்தையும் வென்றார். ஆனால் செங்கல் பதித்த அந்த ஓடுபாதையின் குலுக்கத்தில் கண்ணாடியில் ஒன்றும் ஒழுங்காகத் தெரியவில்லை எண்டு பிறகு அவரே சொன்னாராம்.

அதற்குப் பிறகும் சைட் கண்ணாடி விரும்பியவர்கள் காசு குடுத்து வாங்கிப் பூட்டுகிற சாமானாகத்தான் நெடுங்காலம் கிடந்தது. அமெரிக்காவில் புதுக் கார்களுக்குச் சாரதி பக்கத்து வெளிக்கண்ணாடி கட்டாயமானது 1968இல். இந்தியாவில் 2009இல் வந்த ராட்டா நானோவின் விலை குறைந்த மொடலில்கூடச் சாரதி பக்கத்தில் மட்டும்தான் கண்ணாடி இருந்தது. செலவைக் குறைக்க நினைக்கும்போது முதலில் கழற்றப்படுகிற சாமான்களில் கண்ணாடியும் ஒன்று.

சோமர்செற் செய்யப்பட்டது 1952 முதல் 1954 வரை. 1200 சிசி இயந்திரம். பின்கண்ணாடி சின்னது. திரும்பும்போது லைற் மின்னாது. கதவுத் தூணுக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கை வெளியே நீளும். 1948இல் வந்த மொறிஸ் மைனரும் இப்படித்தான். அதன் பின்கண்ணாடியைப் பெரிதாக்கியது 1956இல். கைகாட்டியை எடுத்துவிட்டு மின்னுகிற சிக்னல் போட்டது 1961இல். அதாவது, செய்தவர்களே தங்கட காரை வருசா வருசம் திருத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

எங்கட பக்கம் வந்த கார்கள்

அந்தக் காலத்துக் காரைப் பார்த்தால் முதலில் இலக்கத்தகட்டைப் பாருங்கள். ஈ.என், ஈ.எல், ஈ.வை போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது 1957க்கு முந்திப் பதிவான கார். 1957இல் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ‘ஶ்ரீ’ வந்தது. தமிழ்ப் பகுதிகளில் தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராடியது. 1958 ஏப்ரலில் பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் கலவரம் வந்தது. ஒரு எழுத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. சித்தப்பாவின் கார் ஈ.என். அவர் அதைத் தினமும் துடைப்பது ஏன் எண்டு எங்களுக்கு இப்ப விளங்குகிறது.

அறுபதுகளில் வெளிநாட்டுச் செலாவணி தட்டுப்பட்டு, கார் இறக்குமதி இறுகிப்போனது. இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓடவேண்டி வந்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு ஜப்பான் கார்கள் வந்தன. அவற்றில் பலதுக்குக் கண்ணாடி கதவில் இல்லை, முன் மக்காட்டில் இருந்தது. ஜப்பானில் கதவுக் கண்ணாடிக்கு அனுமதி கிடைத்ததே 1983இல்தான். முன்னுக்குத் தள்ளி இருக்கிற கண்ணாடியில் உருவம் சின்னதாகத் தெரியும். ஆனால் தலையைத் திருப்பாமல் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு வசதி, ஒரு குறை.

பிறகு 1990. வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. புதுக் கார்கள் படுத்துவிட்டன, ஏ போட்டியும் மொறிஸ் மைனரும் எழும்பி ஓடின. காரணம் மந்திரம் ஒன்றும் இல்லை. பழைய இயந்திரங்களில் அமுக்கம் குறைவு. அதனால் மட்டமான எரிபொருளையும் அவை தாங்கும். கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, இயந்திரம் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கண்ணை எரிக்கும், ஆனால் வருத்தக்காரரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தப் புகைதான். யாழ்ப்பாணத்தில் மட்டுமில்லை, வன்னியிலும் இதுதான் நிலை. இரவில் விமானத்துக்குப் பயந்து லைற்றை மறைத்து ஓடிய காலம் அது.

கொக்கிளாய் ஆக்களுக்கு இந்தக் கதை இன்னும் முந்தியே தொடங்கிவிட்டது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வந்தது போர் முடிந்த பிறகு. இடையில் கால் நூற்றாண்டு. 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்த வாகனங்களின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சனம் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனவை அவை. சித்தப்பா திரும்பி வந்து, வீடு கட்டி, வள்ளம் வாங்கி, அதற்குப் பிறகுதான் யாழ்ப்பாணத்தில் இந்தக் காரை வாங்கினார். ஊரில் இவருடைய தகப்பனிடமும் ஒரு ஏ போட்டி நின்றதாம்.

‘ஒறிஜினல்’ எண்டால் என்ன?

இவ்வளவும் படித்த பிறகு சித்தப்பாவிடம் திரும்பப் போனம். இந்தக் காரின் காபரேற்றரில் மண்ணெண்ணெய்க் காலத்து வேலை கிடக்கிறது. வயர் எல்லாம் மாறியிருக்கிறது. பெயின்ற் எத்தனையாவது எண்டு யாருக்கும் தெரியாது. சீற் உறை தைத்தது எங்கட ஊர்த் தையல்காரர். தொண்ணூறுகளில் இலங்கையில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின. காரைச் செய்த நாடு பாகத்துக்கு எங்களிடம் வந்தது! அப்படிப் பார்த்தால், மாற்றி மாற்றி உயிரோடு வைத்திருந்ததுதான் எங்கட கார்களின் ஒறிஜினல் வரலாறு. அதில் இரண்டு கண்ணாடி கூடினால் என்ன குறையும்?

கண்காட்சிக்கு மட்டும் நிற்கிற காரைத் தொடவேண்டாம், சரி. ஆனால் இந்தக் கார் றோட்டில் ஓடுகிறது. அது செய்யப்பட்ட காலத்து றோட்டில் மாட்டுவண்டியும் சைக்கிளும் போயின. இப்ப கார்ப்பெற் றோட்டில் தனியார் பஸ்ஸும் ரிப்பரும் போகின்றன. கார் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த எல்லாம் மாறிவிட்டன.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வட்டக் கண்ணாடியாப் பாருங்கோ, சதுரம் இதுக்குச் சரிவராது” எண்டார்.

பூட்டின விதம்

உங்களிடமும் பழைய கார் இருந்தால் பயன்படும் எண்டு சொல்கிறோம். ஓட்டை போடாமல் கதவு விளிம்பில் கவ்விப் பிடிக்கிற வகையும் கிடைக்கிறது. நாங்கள் அதைத்தான் முதலில் போட்டம். எங்கட றோட்டின் குலுக்கத்தில் ஒரு கிழமையில் தளர்ந்துவிட்டது. றே ஹறூனை நினைத்துச் சிரித்தோம். பிறகு துணிந்து துளை போட்டம். கடற்கரை ஊரில் துளைதான் துருவுக்கு வாசல். அதனால் வெட்டின விளிம்புக்கு முதலில் துருத்தடுப்புப் பெயின்ற் அடித்து, காயவிட்டு, றப்பர் வாசர் வைத்து இறுக்கினோம்.

வலப்பக்கம் தட்டைக் கண்ணாடி. தூரம் உள்ளபடி தெரியும். இடப்பக்கம் குவிந்த கண்ணாடி. கூட இடம் தெரியும், ஆனால் வாகனங்கள் உண்மையை விடத் தள்ளி இருப்பதாகக் காட்டும். இதைச் சித்தப்பாவுக்கு மூன்று தரம் சொன்னோம். கண்ணாடியை எப்படித் திருப்பி வைப்பது எண்டும் ஒரு முறை இருக்கிறது. வலக் கண்ணாடிக்குத் தலையை யன்னல் பக்கம் சரித்து, காரின் ஓரம் மட்டுமட்டாகத் தெரியும்படி வையுங்கள். இடக் கண்ணாடிக்குத் தலையைக் காரின் நடுவுக்குக் கொண்டுவந்து அதேபோல வையுங்கள். நிமிர்ந்து இருந்து ஓடும்போது மறைவான இடம் குறையும். முழுக்கப் போகாது. திரும்ப முந்தித் தலையைத் திருப்பிப் பார்ப்பதை எந்தக் கண்ணாடியும் மிச்சம் பிடிக்காது.

இன்னொரு விசயமும் சொல்லவேண்டும். அண்டைக்கு எங்களை உரசிப்போன மோட்டார் சைக்கிளிலும் கண்ணாடி இல்லை. எங்கட வயதுப் பெடியள் புது பைக் எடுத்ததும் முதலில் கழற்றுவது அதைத்தான், ஸ்ரைலுக்காக. எங்கட நாலு பேரில் ஒருவனின் பைக்கிலும் அப்படித்தான். எழுபது வயதுக் காருக்குக் கண்ணாடி தேடித் திரிந்த அதே ஆள்! அவனுடைய இரண்டு கண்ணாடியும் வீட்டில் அலுமாரிக்கு மேலே கிடந்தன. காருக்குப் பூட்டின அண்டைக்குப் பின்னேரம் சித்தப்பாவே சாவி எடுத்து அவற்றையும் பூட்டிவிட்டார்.