கொட்டியாரக் கரையும் ஆங்கில மரபுத்தொடரும்

ஒரு பாஷையின் சொற்களை அகராதியைத் துணைக்கொண்டு தனித்திருந்தும் கற்றுவிடலாம். ஆனால் அப்பாஷையின் மரபுத்தொடர்களை, அவற்றைப் பிறப்பித்த மக்களின் தொழிலையும் விளையாட்டையும் வழிபாட்டையும் பழங்கதையையும் ஓரளவேனும் அறியாமல், செவ்வனே கற்றுக்கொள்ளுதல் எவர்க்கும் அரிது. ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கர் பள்ளிப்பருவம் முழுவதும் அப்பாஷையோடு பழகியும், ஆங்கிலேயர் இருவர் இயல்பாக உரையாடுவதைக் கேட்கும்போது, தனிச்சொற்கள் யாவும் தெரிந்திருக்கப் பொருள் மாத்திரம் பிடிபடாது திகைத்து நிற்பதற்கு இதுவே பிரதான காரணம். இந்த இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவினதாகத் தோன்றும் ஸ்பானிய பாஷையைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இவ்விடத்திலேயே இடறுகின்றனர். அவர்கள் படும் பாட்டையும் நாம் படும் பாட்டையும் ஒப்புநோக்கின், தமிழ் மாணாக்கனுக்கு ஆங்கில மரபுத்தொடரை அறிதற்கு வாய்த்த சிறந்த கருவி அவனுடைய தாய்மொழியே என்பது புலனாகும். அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரை அடுத்துள்ள கட்டைபறிச்சானிலிருந்து இப்பொருளைச் சிந்திப்பதற்குச் சரித்திரமே ஒரு நியாயம் தந்திருக்கிறது. 1659-ஆம் ஆண்டுப் புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் புதுமரம் நாடி இக்குடாவுக்குள் வந்ததும், 1660-இல் அதன் தலைவரும் அவர் மைந்தர் இராபர்ட் நொக்ஸும் மாலுமிகள் சிலரும் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டதும், தந்தையார் மறுவருடமே காய்ச்சலால் இறந்துபட, மைந்தர் 19 ஆண்டுகள் மலைநாட்டிற் சிறையிருந்து 1679-இல் தப்பிச் சென்றதும் பலரும் அறிந்த செய்தி. பாஷை பயில்வோர் அவ்வரலாற்றிற் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது வேறொன்றுண்டு. பத்தொன்பது வயதளவிற் பிடிபட்ட அவ்விளைஞர், இலக்கண நூலோ அகராதியோ இன்றி, தொப்பி பின்னி விற்றும் தானியம் கடன் கொடுத்தும் கிராமத்தாரோடு கலந்து வாழ்ந்த வாழ்க்கையினாலேயே சிங்களத்தைக் கற்றார். தம் தாய்மொழியையோ, கையிலிருந்த இரண்டொரு சமய நூல்களையும், பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து வாங்கிய ஆங்கில வேதாகமத்தையும் ஓதி ஓதிக் காத்துக்கொண்டார். 1681-இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலிற் சிங்களப் பழமொழிகள் சிலவற்றை எடுத்தெழுதுமிடத்து, சொற்பொருளைச் சொல்வதோடு அமையாமல், இன்ன சந்தர்ப்பத்தில் இது சொல்லப்படும் என்பதையும் சேர்த்தே குறித்திருக்கிறார். மரபுத்தொடரைக் கற்கும் நெறி இதுவேயாம். நம் கரையிற் சிறைப்பட்ட ஓர் ஆங்கிலேயர் பிறமொழி ஒன்றைக் கற்ற அந்நெறியை, அவருடைய மொழியைக் கற்கும் நாம் கைக்கொள்ளுதல் தகும்.

இனி ஸ்பானிய மாணாக்கனின் நிலையை நோக்குவோம். 1066-இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பழைய சாக்ஸனிய அடிப்படையின்மேற் பிரெஞ்சும் இலத்தீனும் படிந்து, ஆங்கிலம் இருபடைச் சொற்களையுடைய பாஷையாயிற்று. வீட்டிலும் வயலிலும் வழங்குவன பெரும்பாலும் சாக்ஸனியச் சொற்கள்; நீதிமன்றிலும் கல்விக்கழகத்திலும் வழங்குவன பெரும்பாலும் இலத்தீன்வழிச் சொற்கள். ஸ்பானியம் இலத்தீனின் நேர்ப்புதல்வியாதலால், அறிஞர் எழுதும் ஆங்கிலக் கட்டுரை அம்மாணாக்கனுக்கு எளிதாகவும், அடுக்களையிற் பேசும் ஆங்கிலம் அரிதாகவும் அமைகின்றன. எளிதெனத் தோன்றுவதிலும் அபாயம் உண்டு. நாணமடைந்தேன் என்று சொல்லக் கருதி, 'எம்பராஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இனமென நம்பித் ஸ்பானிய பாஷையின் 'எம்பரசாத' என்பதை ஆளும் ஆங்கிலப் பெண், தன்னைக் கர்ப்பிணி என்று அறிவித்தவளாகிறாள். ஸ்பானியப் பெண்ணும் மறுதலையாக அதே பிழையைச் செய்யக்கூடும்.

தமிழ் மாணாக்கனுக்கு இலத்தீன் உறவு இல்லை. ஆயினும் இருபடைச் சொல்வளம் இன்னதென்பது அவனுக்குப் பிறப்பிலேயே தெரியும். தொல்காப்பியனார் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தது அவனுக்குப் பாடமாகும் முன்னரே, கேட்டான் என்பதற்கும் விசாரித்தான் என்பதற்கும், தொடங்கிற்று என்பதற்கும் ஆரம்பமாயிற்று என்பதற்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை அவன் செவி உணர்ந்திருக்கிறது. 'ஆஸ்க்' என்பதற்கும் 'இன்குவயர்' என்பதற்கும், 'பிகின்' என்பதற்கும் 'கமென்ஸ்' என்பதற்கும் உள்ள வேறுபாடும் ஏறக்குறைய அதுவே. இவ்வொப்புமையை உபாத்தியாயர் ஒருமுறை எடுத்துக்காட்டினால், எவ்விடத்தில் எச்சொல் தகும் என்று ஐயுறும் மாணாக்கன் தன் தாய்மொழிச் செவியையே அளவுகோலாகக் கொள்ளப் பழகுவான்.

பிறநாட்டுச் சொற்கள் பொருள்களோடு கூடியே குடியேறும் என்பதற்கு நமது கிழக்கிலங்கைப் பேச்சே சாட்சி. மேசை, வாங்கு, சப்பாத்து, பாண், துவாய் என்று நாம் நாடோறும் வழங்குவன போர்த்துக்கேயரோடு வந்தவை. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் உடன்பிறந்த பாஷைகளாதலால், ஸ்பானியன் ஒருவன் நம் வீட்டிற்கு வருவானாயின் இவற்றுட் பலவற்றைத் தன் வீட்டுச் சொற்களெனவே இனங்கண்டுகொள்வான். கந்தோர் என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. 1795-இல் ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றியதுமுதல் 1957-இற் கடற்படைத் தளம் இலங்கையரசிடம் கையளிக்கப்படும்வரை, துறைமுகத்தின் வழியே ஆங்கிலச் சொற்களும் ஏராளமாய் வந்தன. நம் கட்டுமரமும் கறியும் சுருட்டும் காசும் ஆங்கிலத்திற் புகுந்தது இக்கொடுக்கல்வாங்கலின் மறுபக்கம். சொல் இவ்வாறு கப்பலேறி வந்துவிடுகிறது. மரபுத்தொடரோ தான் பிறந்த மண்ணைவிட்டு எளிதிற் பெயர்வதில்லை. ஐந்நூறு ஆண்டுக்குமுன் வந்த போர்த்துக்கேயரின் தளபாடப் பெயர்கள் நம்மிடையே நிலைத்திருக்க, அவர்களுடைய பழமொழி ஒன்றேனும் நம் வாயில் வழங்காமையை எண்ணிப் பார்க்க.

மரபுத்தொடர்களை ஆராயின் அவை மூவகைப்படும். முதலாவது, பல தேசத்தார்க்கும் பொதுவாகிய கதையிலோ வேதத்திலோ பிறந்து, எங்கும் ஒரே உருவில் வழங்குவன. முதலைக் கண்ணீர் என்பதை ஆங்கிலரும் ஸ்பானியரும் நாமும் ஒருபடித்தாகவே சொல்கிறோம். எட்டாத பழம் புளிக்கும் என்னும் நரியின் கதையும் மூவர்க்கும் பொது. இரண்டாவது, கருத்து ஒன்றாயிருக்க உருவம் மாத்திரம் வேறுபடுவன. மிகுந்துள்ள இடத்துக்கே அப்பொருளைக் கொண்டுசெல்லும் பேதைமையை ஆங்கிலேயர் நியூகாசிலுக்கு நிலக்கரி சுமத்தல் என்பர், அந்நகரம் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்பெற்றதாதலின். ஸ்பானியர் காட்டுக்கு விறகு கொண்டுபோதல் என்பர். நாமோ கொல்லன் தெருவில் ஊசி விற்றல் என்கிறோம். மூன்றாவது, ஒரு சமூகத்தார்க்கே உரியவை. பழையனூர் நீலியின் கதையை அறியாதவர்க்கு நீலிக்கண்ணீர் என்பதை எவ்வாறு விளக்கினும் அதன் வேகம் தோன்றாது. கிரிக்கெட் ஆட்டம் அறியாத ஸ்பானியனுக்கு அவ்வாட்டத்திற் பிறந்த ஆங்கிலத் தொடர்கள் அவ்வாறே. நம் பிள்ளைகள் அவ்வாட்டத்தை வீதிதோறும் ஆடுகிறார்களாதலால் இவ்விடத்தில் ஸ்பானியனைவிட நல்லூழுடையவர்கள்.

இவ்வகைப்பாட்டினின்று ஓர் உண்மை பெறப்படுகிறது. பாஷைகளின் குலமுறை உறவு மரபுத்தொடரிற் பயன்படுவது சிறிதே. பெருமழையை ஆங்கிலேயர் பூனையும் நாயுமாய்ப் பெய்கிறது என்று சொல்ல, ஸ்பானியர் குடங்களாற் பெய்கிறது என்கிறார்கள். மாரிக் காலத்திற் கொட்டியாரத்து மழை கண்ட நாமும் குடம்குடமாய்க் கொட்டுகிறது என்றே சொல்கிறோம். உறவினர் இருவர் வேறுபட, உறவே இல்லாத நாம் ஸ்பானியரோடு ஒத்துப்போகிறோம். மற்றோரிடத்திலோ மூவரும் மூன்று திசையில் நிற்கிறோம். வேடிக்கைக்காக ஒருவரை ஏமாற்றிக் கேலிசெய்தலை ஆங்கிலேயர் காலை இழுத்தல் என்பர். ஸ்பானியர் தலைமயிரைப் பற்றுதல் என்பர். தமிழிற் காலை வாருதல் என்பதோ நம்பினவருக்குச் செய்யும் துரோகம். ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்த்துக்கொள்ளும் தமிழ் மாணாக்கன், அன்போடு கேலிசெய்த நண்பனைத் துரோகி என்று எண்ணிவிட இடமுண்டு.

ஆங்கிலம் கற்கும் பிறநாட்டாரை மிகவும் வருத்துவன, எளிய வினையோடு சிறு இடைச்சொல் ஒன்று கூடிப் புதுப்பொருள் தரும் தொடர்வினைகள். ஸ்பானியத்தில் இவ்வமைப்பு அரிதாதலால், அம்மாணாக்கர் இவற்றை விலக்கி இலத்தீன்வழி வினைகளையே நாடுவர். அதனால் அவர்கள் பேச்சுப் பிழையற்றதாயினும் ஏட்டுப்பேச்சாய் நின்றுவிடும். சி. கே. ஒக்டன் என்னும் அறிஞர் 1930-இல் 850 சொற்களில் அடங்கிய 'பேசிக் இங்கிலிஷ்' என்பதை வகுத்து, அது எல்லா நாட்டார்க்கும் எளிதாகும் என நம்பினார். சொற்றொகையைக் குறைத்தவிடத்து அச்சில வினைகளே இடைச்சொற்களோடு கூடி எல்லாப் பொருளையும் உணர்த்த வேண்டியதாயிற்றாகையால், கற்போர்க்கு மரபுத்தொடரின் சுமை குறையவில்லை.

இவ்விடத்திற்றான் தமிழ் மாணாக்கனுக்குத் தாய்மொழி பேருதவி புரிகிறது. தமிழிலும் இரு சொற்கள் கூடித் தம் தனிப்பொருளைக் கடந்து நிற்கும் வினைகள் எண்ணிறந்தன. ஒரு காரியத்தைத் தள்ளிப்போடுகிறோம். ஆங்கிலேயரும் போடுதல் என்னும் வினையை வைத்தே 'புட் ஆஃப்' என்கின்றனர். பிடிவாதம் விட்டு விட்டுக்கொடுக்கிறோம். அவர்களும் கொடுத்தல் என்னும் வினையால் 'கிவ் இன்' என்கின்றனர். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறோம், அவர்களும் பார்த்தல் என்னும் வினையால் 'லுக் ஆஃப்டர்' என்கின்றனர். இவற்றுள் எதனையும் தனிச்சொற்களின் பொருளைக் கூட்டிப் பெறவியலாது என்பதைத் தமிழ்க் குழந்தை யாரும் கற்பிக்காமலே அறிந்திருக்கிறது. இவ்வறிவை விழிப்பித்துப் பின் ஆங்கிலத்துக்குச் செல்லுதல் ஒரு வழி. நூறு தொடர்களை நிரலாக எழுதிக்கொடுத்து எதிரே தமிழ்ப்பொருள் தந்து உருப்போடச் செய்தல் மற்றொரு வழி. பின்னது பரீட்சை முடிந்த மறுநாளே மறக்கப்படுவதை எத்தனையோ வகுப்பறைகளிற் காண்கிறோம்.

கடற்கரையிற் பிறந்த பிள்ளைக்கு இன்னொரு செல்வமும் உண்டு. ஆங்கிலேயர் நெடுங்காலம் கடலோடிகளாய் வாழ்ந்தமையின், அவர்தம் மரபுத்தொடர்களிற் பல கடலிற் பிறந்தவை. தொழிலின் நெளிவுசுளிவு அறிதலைக் கயிறுகளைக் கற்றல் என்கிறார்கள். பாய்க்கப்பலிற் புதிதாய்ச் சேர்ந்தவன் முதற்கண் கற்கவேண்டுவது அதுவாகலின். ஒருவன் உள்ளக்கிடக்கை வெளிப்படுதலை மெய்யான நிறங்களைக் காட்டுதல் என்கிறார்கள். அந்நிறங்கள் கப்பலிற் பறக்கும் கொடியின் நிறங்கள். திகைத்து வழியறியாது நிற்பவனை முற்றும் கடலில் இருப்பவன் என்கிறார்கள். நாமும் நடுக்கடலில் விட்டாற்போல என்கிறோம். கரைசேர்தல், கரைகாணுதல், கப்பல் கவிழ்ந்தாற்போலக் கன்னத்திற் கைவைத்தல் என்பவை நம் பேச்சில் இயல்பாய் வழங்க, தோணியும் பாயும் கயிறும் காற்றும் கண்ணாற்கண்டு வளரும் சிறுவன், இத்தொடர்களின் உட்பொருளை உள்நாட்டுச் சிறுவனைவிட விரைந்து பற்றிக்கொள்ளுதல் கூடும். மூதூர் தந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் அவர்கள் தம் கதைத்தொகுதிக்குத் 'தோணி' என்று பெயரிட்டதும் இக்கரையின் வாழ்வு மொழியாய் மலரும் தன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு.

இருமொழி வழக்கையும் ஒருங்குவைத்து நோக்கிய முன்னோர் நம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் யோசேப்பு நைட் பாதிரியார் தொடங்கிய சொற்றிரட்டு முயற்சி பலர் கைமாறி, மிரன் வின்சுலோ பாதிரியாரால் 1862-இற் சென்னையில் 67,000-க்கு மேற்பட்ட சொற்களையுடைய தமிழ் ஆங்கிலப் பேரகராதியாய் வெளிவந்தது. ஆறுமுகநாவலரைத் துணைக்கொண்டு வேதாகமத்தை மொழிபெயர்த்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார், தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1843-இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டு, பின்னர் 1874-இல் அதனை 6,000-க்கு மேற்பட்ட பழமொழிகள் கொண்டதாக விரித்தார். தமிழைக் கற்க விரும்பிய அந்நியர் நம் பழமொழிகளிலிருந்து தொடங்கினர் என்பது நமக்கு ஒரு பாடமாகும். ஏ. எஸ். ஹோர்ன்பி என்பாரும் ஜப்பானிய மாணாக்கர்க்குக் கற்பித்த அநுபவத்தின் பயனாகவே, மரபுவழக்கையும் வாக்கிய அமைப்பையும் முதன்மையாகக் கொண்ட தம் அகராதியை 1942-இல் தோக்கியோவில் வெளியிட்டார். 1948-இல் அது ஒக்ஸ்போர்ட் அச்சகத்தின் வாயிலாக உலகெங்கும் பரவிற்று. திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய சுவாமி விபுலானந்தர், 1926-இல் 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் மரபோடு இயைத்து ஆராய்ந்தும், 'ஆங்கில வாணி' என்னும் கட்டுரையில் ஆங்கிலக் கவிதைகளைத் தமிழாக்கியும், ஒரு பாஷையின் உயிர்ப்பை மற்றொன்றிற் காட்டும் கலைக்கு நமக்கு வழிகாட்டினார்.

தனிமனிதர் சாதனையும் இதனையே வலியுறுத்துகிறது. 1863-இல் மட்ரிட் நகரிற் பிறந்த ஜோர்ஜ் சந்தாயனா, ஆங்கிலம் அறவே அறியாத சிறுவனாய் 1872-இற் பொஸ்டன் நகருக்குச் சென்று, தம்மினும் இளைய குழந்தைகளோடு அமர்ந்து செவிவழியாகவே அம்மொழியைக் கற்று, பின்னாளில் ஆங்கில உரைநடை வல்லாருள் ஒருவராகவும் தத்துவ ஞானியாகவும் போற்றப்பட்டார். இலங்கைத் தமிழராகிய தம்பிமுத்து, இலண்டனில் 1939-இல் 'பொயெட்ரி இலண்டன்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கி, ஆங்கிலக் கவிஞர்க்கே களம் அமைத்துக்கொடுத்தார். பிறமொழியின் உள்ளத்தை எட்டுதல் ஸ்பானியர்க்கும் தமிழர்க்கும் ஒருங்கே கைகூடுவதென்பதற்கு இவ்விருவரும் போதிய சான்று.

ஆகவே நம் ஊர்ப் பள்ளிகளிற் செய்யத்தக்கது இதுவெனத் துணிந்து கூறலாம். நன்னூலார் வழக்கை இயல்பு, தகுதி எனப் பகுத்துரைத்த பகுதியைத் தமிழ் வகுப்பிற் கற்கும் காலத்திலேயே, ஆங்கில வகுப்பில் அதற்கிணையான வழக்குகள் காட்டப்படுதல் வேண்டும். மாணாக்கர் தம் வீட்டு மூத்தோரிடமிருந்தும், வயலிலும் வாடியிலும் உழைப்போரிடமிருந்தும் மரபுத்தொடர்களைக் கேட்டு, எவர் எவரிடம் எச்சந்தர்ப்பத்திற் சொன்னது என்பதோடு குறித்துவைத்து, அவற்றுக்கு ஒத்த ஆங்கிலத் தொடர் உண்டாயின் அதனையும், இல்லையாயின் இல்லாமைக்குக் காரணத்தையும் ஆராய்தல் வேண்டும். 1945-இல் நாட்டுக்கு வாய்த்த இலவசக் கல்வி ஆங்கிலத்தை ஒரு சிலர் உடைமையாகாமற் செய்ய முற்பட்டது. அந்நோக்கம் கிராமத்துப் பிள்ளைக்கு முற்றாய் நிறைவேற, அவன் தன் தமிழை மறந்தன்று, தன் தமிழின் வழியே ஆங்கிலத்துட் புகவேண்டும். இம்முயற்சிக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், கேட்கப் பொறுமையுள்ள செவியும், தாய்மொழியை மதிக்கும் உபாத்தியாயரும் போதும். இம்மூன்றும் கட்டைபறிச்சானில் உள்ளன. இவ்வாண்டே இதனைத் தொடங்குமாறு ஆசிரியப் பெருமக்களையும் பெற்றோரையும் அன்போடு வேண்டிக்கொள்கிறேன்.