சூடாக்காமலே உருகி நிற்கும் உப்பு



பல வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "சார், சூடு பண்ணாமலே உருகி இருக்கிற உப்பு உண்டா?" என்று கேட்டான். "உப்பு உருக 801 டிகிரி வேணும். உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது.

நான் சொன்னது சமையல் உப்புக்குச் சரி. அவன் கேட்டது அதை மட்டும் அல்லவே!

இப்போது அணுபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாலை நடையில் பழக்கமான ஒரு நண்பர், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நடந்த 'அயனித் திரவம்' ஆய்வுகளைப் பற்றிச் சொன்னார். அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்புகள் அவை. பயன்படுத்திய அணு எரிபொருளிலிருந்து உலோகங்களைப் பிரிக்க உதவுமா என்று பார்த்தார்களாம். எனக்கு அந்த மாணவன் முகம் நினைவுக்கு வந்தது. தேடிப் படித்தேன்.

1914-இல் பால் வால்டன் என்ற வேதியியலாளர், 12 டிகிரியிலேயே உருகும் ஓர் உப்பைப் பற்றி எழுதினார். அதே 1914-இல் அமெரிக்காவில் ஜான் ஸெலனி, நுண்குழாய் முனையில் நிற்கும் திரவத்துக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால் அது எப்படிச் சிதறுகிறது என்று ஆராய்ந்தார். அந்தத் திரவம் ஏன் கூம்பாகிறது என்பதை 1964-இல் ஜி.ஐ. டெய்லர் கணக்கிட்டுக் காட்டினார். வால்டன் வழியும் ஸெலனி வழியும் பின்னாளில் ஒன்று சேர்ந்தன. வெற்றிடத்தில் அயனித் திரவக் கூம்பின் நுனியிலிருந்து அயனிகளை மட்டுமே வெளியேற்ற முடியும் என்று 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது.

இதனால் என்ன பயன்? காற்றை விட்ட பலூன் எதிர்ப்பக்கம் ஓடுகிறதே, அதே தத்துவம்தான். வேகமாக வெளியேறும் அயனிகள் விண்கலத்தை எதிர்த்திசையில் தள்ளும். 2017-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நம் ஜிசாட்-9 இதற்கு செனான் வாயுவைப் பயன்படுத்தியது. வாயுவை அழுத்தி அடைக்கக் கனமான தொட்டி வேண்டும். பிறகு அதை அயனியாக்கவும் வேண்டும். அயனித் திரவமோ வெற்றிடத்திலும் எளிதில் ஆவியாகாது. அதில் இருப்பதே அயனிகள்தான்.

2015 டிசம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பிய 'லிசா பாத்ஃபைண்டர்' கலத்தில் நாசா வைத்த உந்து கருவிகள், இத்தகைய திரவத்தை நுண்துளிகளாகத் தெறித்தன. ஒவ்வொன்றின் விசையும் ஏறக்குறைய ஒரு கொசுவின் எடை அளவுதான்! சூரிய ஒளியின் தள்ளலுக்குக்கூட அசையாமல் கலத்தை நிறுத்த அதுவே போதும்.

தம்பி, நீ இதைப் படித்தால், உன் கேள்வி சரியானது. விடை 1914-லேயே இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. "தெரியலப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லத் தயங்காதீர்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்