ஆறும் ஆற்றுக்குரிய நிலமும்

வள்ளுவப் பெருந்தகை தம் நூலில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அரசனையும் அமைச்சனையும் பற்றிப் பேசுவதற்கு முன்னே மழையைப் பற்றிப் பேசினார். உழுதுண்டு வாழ்ந்த சமுதாயத்திற்கு அவ்வரிசையின் பொருள் எளிதில் விளங்கியது. குழாயைத் திருகியவுடன் நீர் கொட்டக் காணும் நகரத்தாராகிய நமக்கோ, அந்நீர் எந்நிலத்தின் வழியே ஓடிவந்தது என்னும் எண்ணமே எழுவதில்லை. நம் சிங்கப்பூரின் வரலாற்றில் அவ்வெண்ணம் எழுந்த காலத்தையும், அதனால் விளைந்த நன்மையையும், அதற்கு ஒரு சாரார் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறு என்பது இரு கரைகளுக்கு இடையே ஓடும் நீர் மட்டுமன்று. எந்நிலத்தின்மேல் விழும் மழைத்துளி வழிந்தோடி அவ்வாற்றை அடைகின்றதோ, அந்நிலம் முழுவதும் ஆற்றைச் சேர்ந்ததே. இதனை ஆற்று வடிநிலம் என்பர். கரையோரத்தில் குப்பை கொட்டாதீர் என்று பலகை நட்டுவிட்டு, வடிநிலத்தில் மாட்டுக் கொட்டிலையும் சாயப் பட்டறையையும் கழிவுநீர்க் குழாய் இல்லாத குடிசைகளையும் அப்படியே விட்டுவிட்டால் ஆறு தூய்மை அடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் இயற்றிய நீர்க்கொள்கைச் சட்டத்தின் உயிர்நாடி இக்கருத்தேயாகும். நாட்டெல்லையையும் மாநில எல்லையையும் விடுத்து, வடிநிலத்தையே ஆட்சிக்குரிய அலகாகக் கொள்ளவேண்டும். ஒவ்வொரு வடிநிலத்திற்கும் 6 ஆண்டுகளுக்கு ஒரு முறை திட்டம் வகுக்கவேண்டும் என்று அச்சட்டம் பணித்தது. இந்தச் சட்டம் பிறப்பதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்னரே அதன் சாரத்தை நம் சிறு தீவு செயலில் காட்டத் தொடங்கிவிட்டது.

முதலில் நம் முன்னோர் வாழ்ந்த நீர்க்கரைகளைக் காண்போம். சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகுகளை ஓட்டிய தொடக்ககாலத் தொழிலாளருள் சூலியா எனப்பட்ட தமிழ் முசுலிம்கள் முன்னணியில் இருந்தனர். இராஃபிள்சு 1822இல் நகரத்திற்கு வகுப்பித்த திட்டத்திலேயே ஆற்றின் கரையில் சூலியாக் கம்பத்திற்கு இடம் ஒதுக்கப்பட்டது. சூலியா தெரு என்னும் பெயர் அதற்கு இன்றும் சான்று பகர்கின்றது. தோபி காட் என்னும் பெயரோ, அங்கோடிய ஓடையில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளரை நினைவூட்டுகின்றது. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகள் இந்நகரின் சாலைகளை அமைத்தனர். சதுப்பு நிலங்களைத் தூர்த்தனர்.

சிராங்கூன் சாலைப் பகுதியின் வரலாறும் நீரோடு பிணைந்ததே. ரோச்சோர் ஆற்றை அடுத்த தாழ்ந்த சதுப்பு நிலத்தில் புல்லும் நீரும் மிகுந்திருந்தமையால் அங்கே மாட்டு வாணிகம் தழைத்தது. காண்டாங் கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமைக் கொட்டில் என்று பொருள். கெர்பாவ் சாலையும் பஃபலோ சாலையும் அதே செய்தியைச் சொல்வன. மாட்டை ஒட்டி இறைச்சிக் கூடமும் தோல் பதனிடும் தொழிலும் வந்தன. எள்ளெண்ணெய் ஆட்டுவோரும் கோதுமை அரைப்போரும் அன்னாசி பதப்படுத்துவோரும் வந்தனர். சுண்ணாம்புச் சூளைகளால் அவ்விடத்தைத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்று வழங்கினர். நீர் வளத்தால் தொழில் வளர்ந்தது. தொழிலின் கழிவு மீண்டும் அந்நீரிலேயே கலந்தது. ஓடிவிடும் நீர் கழிவைக் கொண்டு போய்விடும் என்று அக்காலத்தார் நம்பினர். அது தமிழருக்கு மட்டும் உரிய பிழையன்று. உலகின் பெருநகரங்கள் பலவும் செய்த பிழையே.

குடிநீருக்கு நகரம் வேறு வழிகளை நாடியது. தான் கிம் செங் என்னும் சீன வணிகப் பெருமகனார் 1857இல் நீர் விநியோகத்திற்கென 13,000 வெள்ளி வழங்க முன்வந்தார். பின்னர்த் தீவின் நடுவில், இன்று மெக்ரிட்சி எனப்படும் நீர்த்தேக்கம் எழுந்தது. மக்கள் பெருகவே தீவின் நீர் போதவில்லை. ஜோகூரிலிருந்து குழாய் வழியே நீர் வந்தது. 1942இல் சப்பானியப் படை நெருங்கியபோது பாலம் தகர்க்கப்பட, அதனோடு குழாயும் உடைந்தது. பிறர் நிலத்து நீரை நம்பி வாழ்வதன் இடர் அன்று புலனாயிற்று. 1965இல் விடுதலை பெற்ற நாட்டிற்கு அந்நினைவு பாடமாயிற்று.

காட்டை ஒட்டிய நீர்த்தேக்கங்கள் போதா. மக்கள் வாழும் நகரப் பரப்பில் விழும் மழையையும் சேர்க்கவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் நகரத்து ஆறுகளின் நிலை என்ன? சிங்கப்பூர் ஆறும், காலாங், ரோச்சோர், வாம்போ, கேலாங் ஆறுகள் கலக்கும் காலாங் நீர்ப்பரப்பும் சேர்ந்து தீவின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலத்தின் மழைநீரை வாங்கின. அந்நிலத்திலேதான் பன்றிப் பண்ணைகளும், வாத்துப் பண்ணைகளும், குடிசைகளும், தெருவோர உணவுக் கடைகளும், சிறு பட்டறைகளும் நிறைந்திருந்தன. நீர் கறுத்தது, நாற்றம் எழுந்தது, மீன் அற்றது.

1977ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ ஓர் அறைகூவல் விடுத்தார். இன்னும் 10 ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்பதே அது. சுற்றுப்புற அமைச்சு முன்னின்றது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நகரச் சீரமைப்பு ஆணையம், ஜூரோங் நகராண்மைக் கழகம், துறைமுக ஆணையம் எனப் பல அமைப்புகள் அதனோடு கைகோத்தன. ஒவ்வோர் அமைப்பும் தன் எல்லைக்குள் மட்டும் நின்றிருந்தால் ஆறு அப்படியே இருந்திருக்கும். ஆற்றின் நிலம் ஒன்று என்பதால் பணியும் ஒன்றாயிற்று.

செய்முறையின் வரிசையே இவ்வரலாற்றின் சிறப்பு எனலாம். முதலில் ஆற்றைத் தூர்வாரவில்லை. மாசு பிறக்கும் இடங்களை நாடிச் சென்றனர். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோர வணிகர் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். 26,000 குடும்பங்கள் கழிவுநீர் இணைப்புள்ள அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. 2,800 சிறுதொழில்கள் இடம் மாறின. 800க்கும் மேற்பட்ட சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. இவையெல்லாம் நடந்தேறியதன் பயனாகவே ஆற்றின் அடியில் படிந்த சேற்றை அள்ளுவதில் பொருள் இருந்தது. குடியேற்ற இழப்பீடு நீங்கலாக ஏறத்தாழ 17 கோடி வெள்ளி செலவாயிற்று. 1987இல் அரசு அப்பணியின் நிறைவைக் கொண்டாடியது. மலம் அள்ளும் வாளி முறையும் அதே ஆண்டில்தான் இந்நாட்டில் முற்றாக மறைந்தது என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும்.

இவ்வரிசை எவ்வளவு இன்றியமையாதது என்பதை நம் தாயகத்து நொய்யலாறு காட்டும். திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்கென அணை கட்டினர். அது 1992இல் பயன்பாட்டிற்கு வந்தது. மேலே சாயப் பட்டறைகளின் கழிவு நிற்கவில்லை. ஆகவே உழவனுக்கு நீர் தரவேண்டிய அணை சாயநீரின் தேக்கமாயிற்று. உழவர் நீதிமன்றத்தை நாடினர். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவை முறையாகத் தூய்மை செய்யாத பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதனால் ஆயிரக்கணக்கான தொழிலாளரின் பிழைப்பு தடுமாறியது. மேல்நிலத்தைத் திருத்தாமல் கீழ்நிலத்தில் அணை கட்டினால் உழவனும் அழிவான், தொழிலாளியும் அழிவான் என்பதே அதன் படிப்பினை. சிங்கப்பூரோ முதலில் நிலத்தைத் திருத்தியது. பின்னரே முகத்துவாரத்தை அடைத்தது. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டின் வடிநிலம் 10,000 எக்டேர். தீவின் ஆறில் ஒரு பங்கு. தேக்காச் சந்தையின் கூரையில் விழும் மழை ரோச்சோர்க் கால்வாய் வழியே ஓடி அந்நீர்த்தேக்கத்தையே அடைகின்றது. அன்று மாடு குளித்த நீர்வழி இன்று குடிநீருக்கு வழியாயிற்று என்றால் மிகையாகாது. இன்று தீவில் 17 நீர்த்தேக்கங்கள் உள்ளன. நிலப்பரப்பின் மூன்றில் இரு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாக விளங்குகின்றது.

இத்துடன் கட்டுரையை முடித்தால் அது வெற்றிப் பாட்டாகிவிடும், வரலாறு ஆகாது. அந்த 26,000 குடும்பங்களும் வெறும் எண்கள் அல்ல. கிணற்றடியும் வாழை மரமும் முற்றமும் விட்டு மாடியேறியவர்கள் அவர்கள். மின்விளக்கையும் தூய நீரையும் பெற்றனர். அண்டை அயலாரையும் வளர்ப்பு விலங்குகளையும் இழந்தனர். இளையோர்க்கு அது விடிவாக இருந்தது. முதியோர்க்கோ வேர் அறுந்ததாக இருந்தது. படகோட்டிகளின் தொழில் 1972இல் கொள்கலன் துறைமுகம் திறக்கப்பட்டது முதலே தேயத் தொடங்கியிருந்தது. ஆற்றைவிட்டு அகன்றபின் அது மீளவில்லை. அவர்களுக்கு வீடும் இழப்பீடும் கடையும் கிடைத்தன என்பது உண்மை. வேண்டுமா, வேண்டாவா என்று அவர்களைக் கேட்டவர் இல்லை என்பதும் உண்மையே.

இவ்விடத்தில்தான் ஐரோப்பியச் சட்டம் நமக்கு எதிரில் நின்று ஒரு வினாவை எழுப்புகின்றது. வடிநிலத் திட்டத்தின் வரைவை மக்கள் முன் வைக்கவேண்டும். அவர்கள் எழுத்து வழியே கருத்துரைக்க 6 திங்கள் காலம் தரவேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிடுகின்றது. ஆயினும் கேட்டுச் செய்வது மெல்லச் செய்வதாகவும் முடிந்தது. 2015க்குள் எல்லா நீர்நிலைகளும் நன்னிலை எய்தவேண்டும் என்று குறித்தனர். தவணை 2027 வரை நீண்டது. 2018இல் வெளியான ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்குப்படி, ஆறு, ஏரி முதலிய நிலமேல் நீர்நிலைகளுள் ஏறத்தாழ 40 விழுக்காடே உயிரினச் சூழலில் நன்னிலையில் இருந்தன. பத்தே ஆண்டில் முடித்தது சிங்கப்பூர், கேட்காமல் முடித்தது. கேட்டுக்கொண்டே இருக்கின்றது ஐரோப்பா, இன்னும் முடிக்கவில்லை. இவ்விரண்டனுள் ஒன்றே சரியென்று தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. எனினும், விரைவினால் பயன் பெற்றவர்கள், விரைவின் சுமையைத் தாங்கியவர்களை நினைக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஐரோப்பாவிடமிருந்து நாம் கற்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. ரைன் ஆறு பல நாடுகளின் நிலத்தை நனைப்பது. 1986ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரை அடுத்த வேதிப்பொருள் கிடங்கில் தீப்பற்றியது. தீயணைத்த நீரோடு நஞ்சு ஆற்றில் கலந்து, கீழ்நாடுகள் வரை மீன்கள் மடிந்தன. மறு ஆண்டே கரைநாடுகள் கூடி, 2000க்குள் சால்மன் மீனை மீட்போம் எனத் திட்டம் வகுத்தன. மீனும் திரும்பி வரலாயிற்று. நமக்கும் அத்தகைய ஆறு ஒன்று உண்டு. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாள் ஒன்றுக்கு 25 கோடி காலன் நீர் எடுக்கும் உரிமை 2061 வரை சிங்கப்பூருக்கு இருக்கின்றது. அவ்வாற்றிற்கு ஊட்டமளிக்கும் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016இல் கொள்ளளவின் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அவ்வடிநிலத்தில் செம்பனை நடுவோரையும் ஆலை நடத்துவோரையும் நம் அமைச்சு ஆணையிட்டு நகர்த்த இயலாது. அங்கே விரைவு செல்லாது. பேச்சு ஒன்றே செல்லும். கேட்டுச் செய்யும் கலையை அங்கே நாம் கற்றாகவேண்டும்.

தேக்காவிற்குச் செல்லும் அன்பர்கள் காய்கறி வாங்கித் திரும்புகையில் ரோச்சோர்க் கால்வாயின் ஓரத்தில் சிறிது நின்று பார்க்கட்டும். மாடு மேய்த்தவனும், சுண்ணாம்பு சுட்டவனும், துணி வெளுத்தவனும், படகு வலித்தவனும் அந்நீர்வழிகளைக் கொண்டு பிழைத்தவர்களே. அவர்கள் விட்டகன்ற நிலத்தில் விழும் மழையைத்தான் நாம் பருகுகின்றோம். அதனைக் கெடாமல் காப்பதோடு, அவர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பதும் நம் கடனாகும்.