குழலுக்குள் உறங்கும் உப்பு

ஏழாயிரம்பண்ணை என்ற பெயரை இன்று நாம் நாளிதழில் காண்பது பெரும்பாலும் பட்டாசு ஆலைகளை ஒட்டித்தான். அதிலும் பாதி விபத்துச் செய்தி. சாத்தூருக்கு அருகிலுள்ள அவ்வூர் 1799இல் வேறொரு காரணத்துக்காகக் கும்பினியாரின் ஆவணங்களில் ஏறியது. கட்டபொம்மன் பக்கம் நின்ற பாளையங்களுள் அது ஒன்று. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்ட கையோடு பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய ஆறு பாளையங்களும் பறிக்கப்பட்டன. எஞ்சிய பாளையக்காரர்கள் கோட்டைகளை இடித்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றான் மேஜர் பானர்மன். ஊமைத்துரையின் எழுச்சியும் மருது சகோதரர்களின் போரும் ஒடுக்கப்பட்ட பின், 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் இத்தென்சீமையில் ஆயுதம் தரிக்கும் வழக்கத்தையே முடித்துவைத்தது.

ஆயுதம் பறிக்கப்பட்ட கதையை வரலாற்று நூல்கள் விரிவாகவே சொல்கின்றன. பறிக்கப்பட்ட துப்பாக்கியின் குழலுக்குள் அதன்பின் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதில் யாருக்கும் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. வைத்திருப்பதே குற்றமாகிவிட்ட ஒன்றை எவர் எடுத்துக் கழுவுவார்? கழுவாத குழலைத் தின்பது எது என்று கேட்டால், விடை இன்றைய ஏழாயிரம்பண்ணையின் மருந்து அறைகளிலேயே மூட்டை மூட்டையாக இருக்கிறது.

கருமருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். இது எரிந்தால் முழுவதும் புகையாய்ப் போய்விடும் என்று நாம் எண்ணுகிறோம். 1870களில் நோபிள், ஏபெல் என்னும் இருவர் மூடிய எஃகுக் கலத்துக்குள் கருமருந்தை எரித்து நிறுத்துப் பார்த்தார்கள். எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சியது. வெண்புகையாகத் தெரிவதும் இதன் நுண்துகள்தான்; புகையோடு வெளியேறாதது குழலின் சுவரில் படிகிறது. இந்தக் கசடில் பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு ஆகியவை கலந்திருக்கும். தீபாவளிக்கு மறுநாள் மழை பெய்தால், தெருவில் கிடக்கும் புஸ்வாணக் கூடுகளிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் எழுவதை நம்மில் பலர் அறிந்திருப்போம். நீர் பட்ட சல்பைடின் வேலை அது. பட்டாளத்துக்காரன் குழலில் வெந்நீர் ஊற்றியபோது அவன் மூக்கில் ஏறியதும் அதே நாற்றம்தான்.

இவற்றுள் கார்பனேட் பொல்லாதது. காற்றின் ஈரப்பதம் 43 விழுக்காட்டைத் தாண்டினாலே அது நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கிவிடும். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபின் சிவகாசியில் அத்தொழில் வேரூன்றியதற்கு இம்மண்ணின் வறட்சியும் ஒரு காரணம் என்பார்கள். மருந்து உலர வெயில் வேண்டும், ஈரம் கூடாது. ஆனால் 43 விழுக்காடு என்பது இக்கரிசல் நிலத்தின் விடியற்காலைக் காற்றுக்குக் கூட எளிது. கருமருந்து சுட்ட குழல் இங்கேயும் ஓரிரவிலேயே வியர்க்கும். வியர்த்த இடத்தில் துரு பிடிக்கும்.

போர்க்களத்தில் சிக்கல் வேறு வகையானது. சில முறை சுட்டதுமே கசடு தடித்து, வாய்வழியாக இறக்கும் குண்டு இறங்க மறுக்கும். அதனாலேயே கும்பினிச் சிப்பாயின் பழைய மஸ்கெட்டில், குழலின் விட்டம் முக்கால் அங்குலம் என்றால் குண்டு அதைவிட நன்கு சிறியதாக வார்க்கப்பட்டது. இறங்குவது எளிதாயிற்று, குறி கெட்டது. உட்சுவரில் திருகுபோல் பள்ளம் ஓடும் ரைஃபிளில் இந்தச் சமரசம் செல்லாது, குண்டு பள்ளத்தைக் கவ்வியாக வேண்டும். 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு ரைஃபிள் இதற்குக் கண்ட வழி இரண்டு: இறங்கும்போது தளர்வாக இருந்து சுடும்போது விரியும் ஈயக்குண்டு ஒன்று, குண்டைச் சுற்றிய காகிதத்துக்குக் கொழுப்புப் பூசுவது மற்றொன்று. கொழுப்பு கசடை இளக்கி, அடுத்த குண்டுக்கு வழி விடும்.

1857ஐப் பற்றிப் பேசுகையில் கொழுப்பு தடவிய தோட்டாவைச் சமயக் குழப்பமாகவோ வதந்தியாகவோ மட்டும் நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தக் கொழுப்பு அங்கே ஏன் இருந்தது என்று கேட்பவர் குறைவு. அது குழல் கசடுக்கு ஒரு பொறியாளர் எழுதிய மருந்துச் சீட்டு. 1853இலேயே அத்தகைய தோட்டாக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. எதைச் சோதிக்க? நம் வெயிலில் கொழுப்பு உருகாமல் நிற்கிறதா என்பதை. சிப்பாய்கள் அவற்றை மாதக்கணக்கில் பையில் சுமந்து திரிந்தார்கள். எந்தப் பிராணியின் கொழுப்பு என்று உறுதி செய்யாமல் இவற்றைச் சிப்பாய்களுக்கு வழங்கலாகாது என்று வங்காளப் படையின் கர்னல் டக்கர் அப்போதே எச்சரித்தார். எவரும் பொருட்படுத்தவில்லை. தோட்டாவின் முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்பது கவாத்து விதி. வெடியுப்பின் கரிப்பு நாவில் ஒட்டி, போர் நடுவே தாகம் கொல்லும் என்பதைச் சிப்பாய் முன்பே அறிவான்; இப்போது அதனோடு பசுவும் பன்றியும் சேர்ந்துகொண்டன என்று கேள்விப்படுகிறான்.

ஜனவரி மாதம் டம்டம்மில் பேச்சு கிளம்பியதும் நெய்யோ மெழுகோ நீங்களே பூசிக்கொள்ளலாம் என்றார்கள். பின்னர் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்றார்கள். காலம் கடந்துவிட்டது. ஏப்ரல் 24இல் மீரத்தில் 85 குதிரைப்படை வீரர்கள் தொட மறுத்தவை உண்மையில் பழைய வகைத் தோட்டாக்களே. நம்பிக்கை போனபின் பழையது என்ன, புதியது என்ன? மே 10இல் மீரத் எரிந்தது.

அடுத்த தலைமுறையில் கருமருந்தே விடைபெற்றது. 1888இன் லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளின் பள்ளங்கள் ஆழமின்றி, விளிம்பு மழுங்கி, கசடு தங்காதபடி அமைந்தவை. ஓரிரு ஆண்டுகளில் புகையற்ற கார்டைட் வந்தது; அதன் வெப்பத்தில் அம்மென்பள்ளங்கள் விரைவாகத் தேய்ந்தன. 1895இல் ஆழமான ஐந்து பள்ளங்களோடு லீ-என்ஃபீல்டு வெளிவந்தது. நம் காவல்துறையினர் தோளில் நெடுங்காலம் தொங்கிய .303 இக்குடும்பத்தைச் சேர்ந்தது. நீலகிரியில் அருவங்காட்டு கார்டைட் ஆலை 1903இல் எழுந்ததும் இப்புது மருந்துக்காகத்தான்.

புகை இல்லை, கசடும் மிகக் குறைவு. ஆனாலும் குழல் துருப்பிடித்தது. கார்டைட்டின் அமிலம்தான் காரணம் என்று படைவீரர்கள் நெடுநாள் நம்பினார்கள். 1922இல் அமெரிக்கச் சுரங்கத்துறையின் ஆய்வு மெய்யான குற்றவாளியைக் காட்டியது: தோட்டாவின் அடியில் இருக்கும் சிறு கேப்பு. அதிலிருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாகிறது. பெயர்தான் நீளம், நம் சமையல் உப்பின் உடன்பிறப்பு. முன்பு கருமருந்துக் கசடின் கும்பலில் மறைந்திருந்தது, கார்டைட் வந்தபின் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. சிவகாசிக்காரர்களுக்குக் குளோரேட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தீக்குச்சித் தலையில் இருப்பது அதுவே. கந்தகத்தோடு அதைக் கலந்த பட்டாசு மருந்து அபாயகரமானது என்று 1992இல் மத்திய அரசு தடை செய்தது.

இந்த உப்பு கார்பனேட்டைப் போல அவசரப்படாது. ஈரப்பதம் 84 விழுக்காட்டை எட்டும்போதுதான் நீரை இழுத்துக் கரையும். சித்திரை, வைகாசியில் குழல் பளபளப்பாகவே இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் உப்பு விழித்துக்கொள்ளும். எண்ணெய் பூசித்தானே வைத்தோம் என்று பலர் திகைப்பது இதனால்தான். எண்ணெயில் உப்பு கரையாது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்காமல் இருந்துவிடுவது போன்றது அது. பிரிட்டிஷ் சிப்பாய் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினான். குழலின் சூட்டிலேயே ஈரம் உலர்ந்தது. பிறகு கயிற்றில் துணியைக் கட்டி உள்ளே இழுத்துத் துடைத்தான். எண்ணெய் கடைசியில்தான்.

பல்லாண்டுகள் கிடந்த குழல் என்றால் இது மட்டும் போதாது. முதலில் உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய்வழி நிரப்பும் பழந்துப்பாக்கிகள் பல, நிரப்பிய நிலையிலேயே கிடந்து கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு குச்சியை உள்ளே விட்டு அளந்து, அதே அளவை வெளிப்புறம் வைத்துப் பார்த்தால் அடியில் அடைப்பு இருப்பது தெரிந்துவிடும். இருந்தால் கையை எடுத்துவிட்டு அறிந்தவரைக் கூப்பிடுவதே முறை. நூறாண்டு கடந்த அரும்பொருள் என்றால் தேய்க்கும் ஆசையையே விட்டுவிட்டு அருங்காட்சியகப் பராமரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். நீரும் அமோனியாவும் அதற்கு ஆகா.

பிற்காலத்து ரைஃபிளில் கசடு அடுக்கடுக்காக இருக்கும். உப்புக்கு வெந்நீர். துருவுக்குச் சில நாள் எண்ணெயில் ஊறல், பிறகு எஃகைக் கீறாத வெண்கலத் தூரிகை. அடியில் ஒட்டியிருப்பது குண்டின் மேலுறையிலிருந்து உரிந்த செம்பு. அதற்கு அமோனியா கலந்த கரைசல். அது செம்பைத் தொட்டதும் துணி நீலமாக வெளிவரும். வானில் நீலம் சிதறும் சிவகாசி வாணத்திலும் செம்பின் உப்புதான் நிறம் தருகிறது. அமோனியாவை அதிக நேரம் உள்ளே விட்டால் எஃகும் கெடும். துணியில் நீலம் படாமல் வரும்வரை மீண்டும் மீண்டும் இழுத்து, கடைசித் துணி வெள்ளையாய் வந்தபின் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். துரு தின்ற குழிகள் அப்போதுதான் தெரியும். அவற்றை நிரப்ப வழியில்லை. அக்குழிகளுக்குள் இன்னும் உப்பு ஒளிந்திருக்கும் என்பதால், எண்ணெய் பூசிய பிறகும் கார்த்திகை வரை வாரம் ஒருமுறை திறந்து பார்த்தாக வேண்டும்.