1955: இரண்டு படங்களும் அவற்றின் எழுத்துக்களும்

என்னிடம் படித்த பையன் ஒருவன், தான் எடுத்த குறும்படத்துக்கான சுவரொட்டியைக் கொண்டுவந்து காட்டினான். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குச் சென்ற உம்மாவின் வரவை எதிர்பார்த்திருக்கும் ஒரு சிறுமியின் கதை அது. படத்தில் உரத்த அழுகை ஒன்றுகூட இல்லை. சுவரொட்டியிலோ கறுப்புப் பின்னணியில் இரத்தம் வடிவது போன்ற சிவப்பு எழுத்துக்கள். சுற்றிவரத் தீ நாக்குகள். போதாக்குறைக்கு நான்கு வகை எழுத்துருக்கள்.

"பார்த்தவுடன் கண்ணில் அடிக்க வேணும் சேர்" என்றான்.

"பேய்ப் படம் என்று நினைத்து வருகிறவன் பாதியில் எழும்பிப் போய்விடுவானே" என்றேன்.

அன்று அவனுக்குச் சொன்னதையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

ஒரு குடும்பக் கதையை, ஒரு மனிதனின் வீழ்ச்சியைச் சொல்லும் படத்தை விளம்பரப்படுத்துவது எப்போதும் சங்கடமான காரியம். சண்டைப் படத்துக்குத் துப்பாக்கி இருக்கிறது. நகைச்சுவைக்குச் சிரித்த முகம் இருக்கிறது. உள்ளே நடக்கும் கதைக்கு வெளியே காட்ட என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு 1955ஆம் ஆண்டில் உலகின் இரு மூலைகளிலிருந்து இருவர் விடை தந்தனர். ஒருவர் அமெரிக்கரான சோல் பாஸ். மற்றவர் வங்காளத்தின் சத்யஜித் ராய். பாஸ் பிறந்தது 1920இல், ராய் 1921இல். இருவருமே விளம்பரத் தொழிலில் கை பழகியவர்கள்.

ஒட்டோ பிரெமிங்கர் இயக்கிய 'த மேன் வித் த கோல்டன் ஆர்ம்' 1955 டிசம்பரில் வெளியானது. ஹெரோயினுக்கு அடிமையான சீட்டாட்டக்காரன் ஒருவனின் கதை. போதைப் பழக்கத்தைத் திரையில் காட்டுவதை அன்றைய ஹொலிவூட் தணிக்கை விதிகள் தடுத்திருந்தன. ஆகவே, அந்த அமைப்பின் அங்கீகார முத்திரை இல்லாமலேயே படம் திரைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அந்த விதி தளர்த்தப்பட்டது.

கதாநாயகன் ஃபிராங்க் சினாட்ரா. அவரது முகம் ஒன்றே தியேட்டரை நிரப்பப் போதுமானது. ஆனால் பாஸ் தேர்ந்தெடுத்தது முகத்தையல்ல. முறுகி வளைந்த ஒரு கறுப்புக் கையை. சீட்டைப் பிரிக்கும் கையும் அதுவே, ஊசி ஏறும் கையும் அதுவே. கத்தரிக்கோலால் காகிதத்தில் வெட்டியது போன்ற கரடுமுரடான விளிம்புகள் அதற்கு. தலைப்பெழுத்துக்களும் அச்சுக்கோத்த ஒழுங்கில் நிற்கவில்லை. நிலைகுலைந்த மனிதனின் பெயரை நேர்கோட்டில் நிறுத்தினால் அது பொய்யாகிவிடும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

வியாபாரமும் விட்டுவிடவில்லை. அச்சான சுவரொட்டியில் வண்ணக் கட்டங்களுக்குள் நட்சத்திரங்களின் புகைப்படங்களும் இடம்பிடித்தன. ஆயினும் நினைவில் நின்றது கைதான். நான்கு ஆண்டுகளின் பின், 1959இல், 'அனாடமி ஒஃப் எ மர்டர்' என்ற நீதிமன்றப் படத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிய மனித உருவத்தைக் கறுப்பில் வைத்து, பின்னணிக்குச் செம்மஞ்சளைக் கொடுத்தார். அந்தப் படத்தில் வண்ணமே இல்லை என்பதை நாம் மறக்கலாகாது. இரண்டு படங்களுமே கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டவை. எனவே சுவரொட்டியின் நிறம் படத்திலிருந்து எடுத்தது அல்ல. கதையின் கருத்திலிருந்து எடுத்தது.

அதே ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி கல்கத்தாவில் 'பதேர் பாஞ்சாலி' திரையிடப்பட்டது. ராயின் முதற் படம்.

ராய் எழுத்துக்கள் மீது கொண்ட பற்று மூன்று தலைமுறைச் சொத்து. பாட்டனார் உபேந்திரகிஷோர், புகைப்படங்களை நுண்புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் முறையில் இந்தியாவின் முன்னோடி. 1913இல் 'சந்தேஷ்' சிறுவர் சஞ்சிகையைத் தொடங்கியவர். தந்தை சுகுமார் ராய் இங்கிலாந்து சென்று அச்சுக்கலை படித்து வந்தவர். சாந்திநிகேதனில் ஓவியம் பயின்ற ராய், 1943இல் கல்கத்தாவிலிருந்த ஒரு பிரித்தானிய விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். கூடவே சிக்னெட் பிரெஸ் பதிப்பகத்துக்கு அட்டைகளும் வரைந்தார். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குச் சித்திரம் தீட்டியபோதுதான் அதைப் படமாக்கும் எண்ணம் அவருக்குள் விழுந்தது.

பணமின்றிப் பலமுறை நின்றுபோன படம் அது. இறுதியில் மேற்கு வங்க அரசின் உதவியால் முடிந்தது. அதன் தொடக்கத் தலைப்புகளைக் கவனித்துப் பாருங்கள். சொரசொரப்பான காகிதத்தில், பழைய ஏட்டுப் பிரதியின் சாயலில், கையால் எழுதிய வங்க எழுத்துக்கள். வறிய பிராமணக் குடும்பத்தின் தலைவன் ஹரிஹர் எழுத்தாளனாகக் கனவு காண்பவன். அவன் வீட்டு ஏடு ஒன்றை நாம் திறப்பது போலவே படம் தொடங்குகிறது. ஒரு பாத்திரமும் தோன்றுவதற்கு முன்னரே எழுத்து கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

தம் படங்களுக்கான சுவரொட்டிகளை ராய் பின்னரும் தாமே வடிவமைத்தார். 'சாருலதா'வுக்கு (1964) நாயகியின் முகத்தைச் சில தூரிகைக் கோடுகளிலேயே முடித்தார். தனிமையில் வாடும் பெண்ணுக்கு அதற்கு மேல் அலங்காரம் எதற்கு? ஆங்கில எழுத்துக்கு அவர் வடிவமைத்த 'ராய் ரோமன்' முதலான எழுத்துருக்கள் 1971இல் சர்வதேசப் போட்டியில் பரிசு பெற்றன என்பதும் குறிப்பிடத்தக்கது.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. வங்க எழுத்துக்கள் பெரும்பாலும் ஒரு மேற்கோட்டிலிருந்து, கொடியில் காயும் துணி போலத் தொங்குகின்றன. அந்தக் கோட்டை வளைக்கலாம், உடைக்கலாம், கூரையாக்கலாம். தமிழுக்கு அந்தக் கோடு இல்லை. நம் எழுத்துக்கள் தனித்தனியே நின்று வளைகின்றன. 'ழ'வின் சுழியும் 'ணை'யின் கொம்பும் வேறு அழகு. ஆகவே ராயின் வடிவத்தை இரவல் வாங்குவதில் பயனில்லை. அவர் கேட்ட கேள்வியைத்தான் நாம் வாங்க வேண்டும். இந்தக் கதை தன் பெயரைத் தானே எழுதினால் எப்படி எழுதும்?

ஆசிரிய கலாசாலையில் நாங்கள் கரும்பலகை எழுத்துப் பயிற்சி செய்த நாட்களில் அது வெறும் கையெழுத்துப் பயிற்சி என்றே நினைத்திருந்தேன். பிழை வராமல் எழுதினால் போதும் என்பதற்கு அப்பால் நான் யோசித்ததில்லை. பையனிடம் பேசிய அன்றுதான் அதன் மறுபக்கம் எனக்கே விளங்கியது.

இரண்டு வாரம் கழித்து அவன் மீண்டும் வந்தான். தன் சொந்த உம்மா வெளிநாட்டிலிருந்து எழுதிய பழைய கடிதமொன்றில் தலைப்புக்கு வேண்டிய எழுத்துக்களைத் தேடி எடுத்திருந்தான். அதிகம் படிக்காத பெண்ணின் எழுத்து. ஒருபுறம் சாய்ந்து, சில இடங்களில் அழுத்தி எழுதப்பட்டது. பின்னணிக்கு விமானக் கடிதத் தாளின் வெளிர் நீலம். வேறொன்றும் இல்லை.

அச்சகத்தில் "இது தூரத்தில் தெரியாது தம்பி" என்றார்களாம். அது உண்மையே. அதற்காக எழுத்தைப் பெரிதாக்கினான், நிறத்தை மாற்றவில்லை. சுவரொட்டியால் கூட்டம் பெருகியது என்று நான் சொல்ல மாட்டேன். வந்தவர்கள் பேய்ப் படம் பார்க்க வரவில்லை. கடைசி வரை எழும்பாமல் இருந்தார்கள். அந்தப் படம் தனக்குச் சொந்தமான எழுத்தில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டது. எனக்கு அது போதும்.